கட்டியைச் சுற்றி நெய்யப்படும் நார்

1999இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. புராஸ்டேட் சுரப்பியின் எபிதீலியச் செல்களை ஆய்வகத்தில் ஓயாமல் பெருகும்படி மாற்றி வைத்திருந்தார்கள். ஓயாமல் பெருகினாலும் அவை சாதுவானவை. எலியின் உடலுக்குள் வைத்தால் கட்டியாக வளர்வதில்லை. அவற்றோடு ஆரோக்கியமான புராஸ்டேட்டிலிருந்து எடுத்த, நார் பின்னும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கலந்து எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் பதித்தபோது கட்டி எதுவும் உருவாகவில்லை. அடுத்து, புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் கலந்து பதித்தார்கள். பெரிய கட்டிகள் வளர்ந்தன. வளர்ந்தவை அந்தச் சாதுவான எபிதீலியச் செல்கள்தான். ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தனியே வைத்தால் கட்டி வருவதில்லை. அக்கம்பக்கம் கெட்டுப்போனதால், அதுவரை ஒழுங்காக இருந்த செல்கள் தடம் மாறின.

அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்குள் அப்படி என்ன நடந்திருந்தது? புற்றுநோய் என்றாலே மரபணுப் பிறழ்வு என்று பழகிய மனம், இவற்றிலும் டிஎன்ஏ கெட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கும். அப்படிப் பிறழ்வுகளைக் கண்டதாகச் சில ஆய்வுகள் அறிவிக்கவும் செய்தன. ஆனால் 2008இல் பாஸ்டனின் கோர்னேலியா பொல்யாக்கும் இடம்பெற்ற ஓர் ஆய்வுக் குழு மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க் கட்டிகளின் ஃபைப்ரோபிளாஸ்ட்களை நுணுக்கமாக ஆராய்ந்து, அவற்றின் மரபணுத்தொகுப்பில் குறிப்பிடத்தக்க உடற்செல் பிறழ்வு எதுவும் இல்லை என்று சொன்னது. முந்தைய ஆய்வுகள் கண்டதில் பெரும்பகுதி, மெழுகில் பதப்படுத்திய பழைய திசுத் துண்டுகளைப் பயன்படுத்தியதால் வந்த பிழையாக இருக்கலாம் என்பது அவர்களின் வாதம்.

டிஎன்ஏ சுத்தமாக இருக்கிறது, நடத்தை மட்டும் மாறிவிட்டது. உடலிலிருந்து பிரித்தெடுத்து ஆய்வகத் தட்டில் பல தலைமுறை வளர்த்தாலும் அந்த நடத்தை நெடுநாள் நீடிக்கிறது. இந்தப் புதிருக்குக் கிடைத்திருக்கும் விடைகளில் ஒன்றுதான் மைக்ரோ ஆர்என்ஏ. அது ஒன்றே முழு விடை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இருப்பவற்றில் சோதித்துப் பார்க்க மிகவும் வசதியான விடை அது.

முதலில் ஃபைப்ரோபிளாஸ்ட்டின் அன்றாட வேலையைப் பார்த்துவிடலாம். தோல், நுரையீரல், குடல் என்று எந்த உறுப்பிலும் செல்களைத் தாங்கி நிற்கும் இணைப்புத் திசுவை உண்டாக்குவது இந்தச் செல்தான். கொலாஜன் முதலான நார்ப் புரதங்களைச் சுரந்து வலை பின்னும்; பழைய வலையை அறுத்துப் புதுப்பிக்கும். சாதாரண நாட்களில் அது பெரும்பாலும் சும்மா இருக்கும். காயம் பட்டால் விழித்துக்கொள்ளும். தசைச்செல்லைப் போலச் சுருங்கும் ஆற்றலைப் பெற்று, காயத்தின் விளிம்புகளை இழுத்துச் சேர்த்து, தழும்பை உண்டாக்கும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை இறந்துபோகும் அல்லது பழைய அமைதிக்குத் திரும்பிவிடும். கட்டிக்குள் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு அந்த 'வேலை முடிந்தது' என்ற தகவல் வந்து சேர்வதே இல்லை. கட்டிகளை ஆறாத காயங்கள் என்று 1986இல் ஹெரால்ட் டுவோராக் எழுதியது இதைத்தான். கணையப் புற்றுநோயில் இந்த நிலை உச்சத்தில் இருக்கும். அங்கே கட்டியின் பெரும்பகுதி நார்த்திசுதான். புற்றுச்செல்கள் அதற்குள் தீவுகளாகச் சிதறிக் கிடக்கும்.

மைக்ரோ ஆர்என்ஏ-வின் கதை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் தொடங்குகிறது. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸின் குழு, சி. எலிகன்ஸ் என்ற அந்தப் புழுவின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் 'லின்-4' மரபணு எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை என்று கண்டது. அது உண்டாக்கியது 22 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ துணுக்கு ஒன்றை மட்டுமே. கேரி ருவ்குனின் குழு, அந்தத் துணுக்கு இன்னொரு மரபணுவின் தூது ஆர்என்ஏ-வில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைப்பதை அதே ஆண்டில் காட்டியது. புழுவுக்கே உரிய விசித்திரம் என்று பலரும் அதைக் கடந்து போனார்கள். 2000இல் ருவ்குனின் குழு 'லெட்-7' என்ற இரண்டாவது துணுக்கைக் கண்டுபிடித்து, அது மனிதர் வரை பல விலங்குகளில் மாறாமல் இருப்பதையும் காட்டிய பிறகுதான் அறிவியல் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

செயல்படும் முறை இதுதான். செல்லின் கருவுக்குள் நீண்ட கொண்டை ஊசி வளைவாக உருவாகும் ஆர்என்ஏ-வை டிரோஷா என்ற நொதி முதலில் நறுக்கும். கருவுக்கு வெளியே டைசர் என்ற நொதி மீண்டும் நறுக்கும். மிஞ்சும் சுமார் 22 எழுத்துத் துணுக்கை ஆர்கோநாட் என்ற புரதம் ஏந்திக்கொள்ளும். துணுக்கின் இரண்டாம் எழுத்து முதல் எட்டாம் எழுத்து வரையிலான சிறு பகுதி, தூது ஆர்என்ஏ-வின் வால் பகுதியோடு பொருந்தினால் போதும். அந்தத் தூதிலிருந்து வரும் புரதம் குறைந்துவிடும். ஏழு எழுத்துப் பொருத்தம் எங்கும் கிடைக்கும் என்பதால் ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடலாம். மனித மரபணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏதாவதொரு மைக்ரோ ஆர்என்ஏ-வின் பிடிக்குள் இருக்கின்றன. பிடி என்றதும் கழுத்தை நெரிப்பதாக எண்ண வேண்டாம். மின்விசிறியின் ரெகுலேட்டரை ஒரு எண் குறைப்பது போலத்தான். விசிறி நிற்காது, வேகம் தணியும். ஆனால் ஒரே சமயத்தில் நூறு விசிறிகளின் வேகம் தணிந்தால் அறையே வேறாகிவிடும்.

இதைக் கட்டியின் சூழலில் மிகத் தெளிவாகக் காட்டியது, 2012இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அனிர்பான் மித்ராவும் எர்ன்ஸ்ட் லெங்யெலும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. அவர்கள் எடுத்துக்கொண்டது சினைப்பைப் புற்றுநோய். இந்நோய் இரத்தத்தின் வழியாகத் தொலைதூரம் போவதைவிட வயிற்றறைக்குள்ளேயே பரவுவதுதான் அதிகம். குடலின் முன்னால் தொங்கும் கொழுப்புப் படலமான ஒமென்டத்தில் போய்ப் பற்றிக்கொள்வது அதன் வழக்கம். நோய் கண்டுபிடிக்கப்படும்போது பல பெண்களுக்கு அந்தப் படலம் ஏற்கெனவே கட்டி தட்டியிருக்கும்.

ஆய்வாளர்கள் மூன்று வகை ஃபைப்ரோபிளாஸ்ட்களை ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் கட்டிக்குள் இருந்தவை ஒரு வகை. அதே நோயாளிகளிடம் கட்டிக்கு அருகிலிருந்த, இன்னும் மாறாதவை இன்னொரு வகை. ஆய்வகத்தில் புற்றுச்செல்களோடு சேர்த்து வளர்த்து மாற்றப்பட்ட இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட்கள் மூன்றாம் வகை. மாறியவற்றில் மிர்-31, மிர்-214 ஆகிய இரண்டும் குறைந்திருந்தன; மிர்-155 கூடியிருந்தது. ('மிர்' என்பது மைக்ரோ ஆர்என்ஏ-க்களுக்கு இத்துறையினர் இடும் முன்னொட்டு.)

இது வரை வந்தது வெறும் பட்டியல். இப்படிப் பட்டியல்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வெளியாகின்றன. சிகாகோ குழு அதற்கு அடுத்த அடியை எடுத்து வைத்தது. இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட்டில் முதல் இரண்டையும் செயற்கையாக அடக்கி, மூன்றாவதைக் கூட்டினார்கள். புற்றுச்செல் எதுவும் அருகில் இல்லை. ஆனாலும் அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கட்டிக்குள் இருப்பவை போலவே நடந்துகொள்ளத் தொடங்கின. இடம்பெயர்ந்தன, புற்றுச்செல்களின் பெருக்கத்துக்கும் ஊடுருவலுக்கும் உதவின. பிறகு எதிர்த்திசையிலும் செய்து பார்த்தார்கள். கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களில் மூன்றின் அளவையும் நேர்மாறாகத் திருத்தியபோது, அவை கெட்ட பழக்கங்களைப் பெருமளவு விட்டுவிட்டன.

இதன் நடுவே இருந்த ஒரு கண்ணியையும் அவர்கள் பிடித்தார்கள். மிர்-214 வழக்கமாக அடக்கி வைத்திருக்கும் புரதங்களில் ஒன்று சிசிஎல்5 என்ற வேதித்தூது. மிர்-214 குறைந்ததும் ஃபைப்ரோபிளாஸ்ட் இதை அதிகமாகச் சுரக்கிறது. புற்றுச்செல்கள் அதை வாங்கிக்கொண்டு வளர்கின்றன. சிசிஎல்5ஐ எதிர்ப்புரதம் கொண்டு முடக்கியபோது எலிகளில் கட்டி வளர்ச்சி தணிந்தது. காரணத்தைப் போட்டால் விளைவு வருகிறது, எடுத்தால் போகிறது, இடையில் உள்ள வழியும் தெரிகிறது என்ற மூன்றும் ஒரே ஆய்வில் சேர்ந்து வருவது அபூர்வம். இத்துறையில் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க நேரமிருக்கிறது என்பவருக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

மிர்-31 குறைவது சினைப்பைக்கு மட்டும் உரியதன்று. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் ஃபைப்ரோபிளாஸ்ட்களிலும் அது குறைந்திருப்பது 2010இலேயே தெரியவந்திருந்தது. புராஸ்டேட் கட்டியின் ஃபைப்ரோபிளாஸ்ட்களில் மிர்-15உம் மிர்-16உம் குறைவதாக இத்தாலிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். இவ்விரண்டும் புற்றுநோய் வரலாற்றில் பழைய பெயர்கள். இரத்தப் புற்றுநோயின் ஒரு வகையில் இவற்றைத் தாங்கிய குரோமோசோம் துண்டு காணாமல் போவதை 2002இல் கார்லோ குரோச்சேயின் குழு கண்டதிலிருந்துதான் மைக்ரோ ஆர்என்ஏ-வும் புற்றுநோயும் சேர்த்துப் பேசப்பட்டன.

கட்டி ஃபைப்ரோபிளாஸ்ட்களின் மாறிய நடத்தை நெடுநாள் நீடிப்பது ஏன் என்ற கேள்விக்கு மிர்-21 ஒரு துப்புத் தருகிறது. காயத்திலும் கட்டியிலும் ஃபைப்ரோபிளாஸ்ட்டை எழுப்பிவிடும் முதன்மைச் செய்தி டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம். இச்செய்தி செல்லுக்குள் வந்ததும் டிரோஷா நொதி மிர்-21ஐ வேகமாக நறுக்கித் தயாரிக்கிறது என்று 2008இல் அகிகோ ஹாட்டாவின் குழு கண்டது. அந்த மிர்-21 அடக்கும் புரதங்களுள் ஸ்மாட்7உம் ஒன்று. ஸ்மாட்7இன் வேலையோ டிஜிஎஃப்-பீட்டாவின் செய்தியைக் கட்டுக்குள் வைப்பது. ஆக, செய்தி வருகிறது, செய்தியைத் தடுப்பவர் வாய் அடைக்கப்படுகிறது, செய்தி மேலும் உரக்கக் கேட்கிறது. டிஎன்ஏ-வில் ஒரு எழுத்தும் மாறாமலே செல் இந்தச் சுழலுக்குள் மாட்டிக்கொள்ளலாம். கொலாஜன் உற்பத்தியை அடக்கிவைக்கும் மிர்-29 இதே டிஜிஎஃப்-பீட்டாவால் குறைக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், நார் ஏன் குவிகிறது என்பது ஓரளவு விளங்கும்.

இவ்வளவும் ஒரு செல்லின் உள் விவகாரம். ஒரு செல் இன்னொரு செல்லுக்குத் தன் மைக்ரோ ஆர்என்ஏ-வையே அனுப்புகிறது என்ற கருத்து 2007இல் வேகம் பிடித்தது. எக்சோசோம் எனப்படும் நுண்பைகளுக்குள் அவை இருப்பதை ஸ்வீடனில் யான் லோட்வாலின் குழு அந்த ஆண்டு காட்டியது. அதற்குப் பின் வந்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது, டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயைப் பற்றிக் கார்மித் லெவியின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அடைத்த நுண்பைகள் மெலனோசோம்கள். மேல்தோலில் தோன்றும் மெலனோமா, இந்தப் பைகளுக்குள் மிர்-211ஐ வைத்துக் கீழ்த்தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கு அனுப்புகிறது. அவை பெருகி, கட்டிக்குத் தோதான இடமாக அந்தப் பகுதியை மாற்றுகின்றன. புற்றுச்செல்கள் கீழ்த்தோலுக்குள் இறங்கும் முன்னரே இது நடந்துவிடுகிறது. நிலம் பண்பட்ட பிறகுதான் விதை இறங்குகிறது. 1889இல் லண்டனின் ஸ்டீஃபன் பாஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைப் புரட்டிவிட்டு முன்வைத்த விதை, நிலம் என்ற கருத்துக்கு இதைவிட நேரடியான மூலக்கூறுச் சான்று கிடைப்பது கடினம்.

தொலைவிலுள்ள உறுப்புகளும் தப்புவதில்லை. மார்பகப் புற்றுச்செல்கள் அனுப்பும் மிர்-122, நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் குளுக்கோஸ் எடுத்துக்கொள்வதைக் குறைத்து, வரப்போகும் புற்றுச்செல்களுக்கு அதை மிச்சப்படுத்துகிறது என்று 2015இல் எலிகளில் காட்டப்பட்டது. ஃபைப்ரோபிளாஸ்ட்களும் பதிலுக்கு அனுப்புகின்றன. முன்சொன்ன ஒமென்டத்தில், ஃபைப்ரோபிளாஸ்ட்களும் கொழுப்புச் செல்களும் அனுப்பும் மிர்-21 சினைப்பைப் புற்றுச்செல்லுக்குள் புகுந்து, செல்லைத் தற்கொலைக்குத் தூண்டும் அபாஃப்1 புரதத்தைக் குறைக்கிறது. விளைவு, பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து பலிக்காமல் போகிறது.

இந்த அஞ்சல் கதைகளை அப்படியே விழுங்கிவிடக் கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2014இல் சியாட்டிலில் முனீஷ் தேவாரியின் குழு, எக்சோசோம்களையும் அவற்றிலுள்ள மைக்ரோ ஆர்என்ஏ-க்களையும் எண்ணிப் பார்த்தது. ஓரளவு மிகுதியாக உள்ள மைக்ரோ ஆர்என்ஏ-வைத் தேடினாலும், ஒரு பிரதியைக் காண நூற்றுக்கு மேற்பட்ட எக்சோசோம்களைத் திறக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த சராசரி. ஒரு செல்லுக்குள் தூது ஆர்என்ஏ-க்களை அடக்கப் பொதுவாக நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பிரதிகள் தேவை. பெரும்பாலான பைகள் காலியாகப் போகும்போது இவ்வளவு பெரிய விளைவு எப்படி வரும்? சில பைகளில் மட்டும் நிறைய இருக்கலாம். கட்டிக்குள் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் பைகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கலாம். இரண்டும் சாத்தியம்தான். ஆனால் ஆய்வகத் தட்டில் எக்சோசோம்களை வடித்துச் செறிவாக்கி ஊற்றிவிட்டு, விளைவு வந்தது என்று எழுதும் கட்டுரைகள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிக்கின்றன. செல்லுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கான சான்றை நான் நம்புகிறேன். செல்களுக்கு இடையிலான அஞ்சலைப் பொறுத்தவரை, எத்தனை பிரதிகள் போய்ச் சேர்ந்தன என்று எண்ணிக் காட்டாத வரை பாதி நம்பிக்கைதான்.

இன்னொரு சிக்கல், கட்டியின் ஃபைப்ரோபிளாஸ்ட் எல்லாம் ஒரே ரகம் என்ற எண்ணம். 2017இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் டேவிட் டுவேசனின் குழு, கணையக் கட்டியில் இரண்டு ரகங்களைப் பிரித்துக் காட்டியது. புற்றுச்செல்லை ஒட்டி நிற்பவை சுருங்கும் தன்மையோடு நார் பின்னுகின்றன. சற்றுத் தள்ளி நிற்பவை அழற்சிச் செய்திகளைச் சுரக்கின்றன. சூழலை மாற்றினால் ஒரு ரகம் மற்றொன்றாகிறது. திசுவை மொத்தமாக அரைத்து மிர் அளவை அளந்த பழைய ஆய்வுகள் இந்த இரண்டின் சராசரியைத்தான் சொல்லியிருக்கின்றன.

மருத்துவத்துக்கு வருவோம். இந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களை ஒழித்துக்கட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தோன்றியது, செய்தும் பார்த்தார்கள். கணையக் கட்டியின் நாரை வளர்க்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற செய்திப் பாதையைத் தடுத்தால் கீமோதெரபி உள்ளே நுழைகிறது, எலிகள் கூடுதல் நாள் வாழ்கின்றன என்று 2009இல் செய்தி வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. அந்தப் பாதையைத் தடுக்கும் அதே மருந்தை மனிதர்களிடம் சோதித்த ஆய்வு 2012 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. 2014இல் இரண்டு எலி ஆய்வுகள் காரணத்தை உணர்த்தின. சுருங்கும் ரக ஃபைப்ரோபிளாஸ்ட்களை அழித்தாலோ ஹெட்ஜ்ஹாக் செய்தியை மரபணு அளவிலேயே நிறுத்தினாலோ கட்டி மேலும் மூர்க்கமாகிறது, எலிகள் சீக்கிரம் சாகின்றன. நார் ஒரு பக்கம் கட்டியைப் போஷித்தாலும், மறுபக்கம் அதற்கு வேலியாகவும் இருந்திருக்கிறது.

எனவே அழிப்பதைவிடத் திருத்துவதே சரியான வழி என்று இன்று பலர் கருதுகிறார்கள். வைட்டமின் டி-யின் மாற்றுரு ஒன்று கட்டிக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறும் கணையத்தின் நட்சத்திரச் செல்களை அமைதிக்குத் திருப்புவதாக 2014இல் சால்க் நிறுவனத்தின் ரொனால்ட் இவான்ஸ் குழு காட்டியது. சிகாகோ ஆய்வின் உண்மையான மதிப்பும் இங்கேதான். பிறழ்வு இல்லாத செல்லைத் திரும்ப வைக்க முடியும் என்பதற்கு அது செய்முறைச் சான்று.

சான்று மருந்தாவதற்குள் எத்தனையோ தடைகள். புற்றுநோய்க்கென மனிதர்களுக்குச் செலுத்தப்பட்ட முதல் மைக்ரோ ஆர்என்ஏ மருந்து, மிர்-34இன் நகலைக் கொழுப்பு உறைக்குள் வைத்துத் தயாரித்த எம்ஆர்எக்ஸ்34. அது ஃபைப்ரோபிளாஸ்ட்டைக் குறிவைத்தது அல்ல, புற்றுச்செல்லைக் குறிவைத்தது. 2013இல் தொடங்கிய சோதனை 2016இல் நின்றது. கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 4 பேர் இறந்திருந்தார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்டை நேரடியாகத் திருத்த முயன்ற மருந்து ரெம்லார்சன் என்ற மிர்-29 நகல். புற்றுநோய்க்காக உருவாக்கியதன்று, தழும்புக்காக. தோலில் கீறிய காயங்களில் ஊசியாகச் செலுத்தியபோது நார் உருவாவது குறைந்தது என்று 2019இல் முடிவு வந்தது. தோலுக்கு ஊசி போடலாம். கணையத்தின் உள்ளே, நாரால் இறுகிய கட்டிக்குள், ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு மட்டும் மருந்து சேர்ப்பது எப்படி என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

நமக்கு மிக அருகில் இருக்கும் ஒரு நோயைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1952இல் கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களின் வாய்க்குள் சளிப்படலம் இறுகி, வாய் திறக்க முடியாமல் போயிருப்பதை ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு மும்பையில் ஜோஷி அதையே விவரித்தார். இன்று வாய்ச் சளியடி நார்மிகை என்று அறியப்படும் இந்நோய்க்கு முதன்மைக் காரணம் பாக்கு. பாக்கிலுள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டிக் கொலாஜனைப் பெருக்குகிறது. பாக்கிலுள்ள செம்பு, கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதிக்குத் துணைபோகிறது. இந்தத் திசுக்களின் ஃபைப்ரோபிளாஸ்ட்களில் மிர்-200 குடும்பம் குறைந்திருப்பதையும், அதைக் கூட்டினால் நார் பின்னும் வேகம் தணிவதையும் தைவான் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் இருந்த 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். அவர்களில் 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. நிலம் முதலில் மாறி, புற்று பின்னால் வருவதை மூலக்கூறு ஆய்வு எதுவும் இல்லாமலே 1985இல் வெளியான அந்தக் கட்டுரை பதிவு செய்துவிட்டது.

புகையிலை சேராத வெறும் பாக்கையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முதல் தரப் புற்றுக்காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் திருத்தும் மைக்ரோ ஆர்என்ஏ மருந்து எதுவும் புற்றுநோய்க்கு இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. எனவே பாக்கு மெல்லும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள். காரம் பட்டால் வாய் எரிகிறது, முன்போல வாய் அகலத் திறக்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.